மூடாத வெடிப்பு

கொதிக்கிற வெயிலிலும் சாகாத கிருமி ஒன்றைத் தன் அப்பாவின் கரிசல் காட்டு வெடிப்பிலிருந்து எடுத்தவள் அனுசியா. செவ்வாய்க் கிரகத்திலும் இது பிழைக்கும் என்று நம்பி, மதுரைக் கல்லூரியில் வருஷக்கணக்காக வளர்த்தாள். தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடையில், கூட ஆராய்ச்சி செய்த மாதவன் அவளுக்குத் தெரியாமல் அதே வெடிப்பில் மண் அள்ளிக்கொண்டு அமெரிக்கா போனான். கண்டுபிடிப்பு அவன் பெயரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு அவள் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை.

அந்த வருஷ ஐப்பசியில் மழை கொட்டியது. காட்டில் எல்லா வெடிப்பும் மூடிக்கொண்டது. மாதவன் மண் அள்ளிய வெடிப்பு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. அப்பா வீரபத்திரன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"எம்புட்டு ஊத்துனாலும் குடிச்சிக்கிட்டே இருக்கு தாயி."

மறுநாள் கல்லூரிக்குத் திரும்பியவளுக்கு அமெரிக்காவிலிருந்து மாதவன் போன் செய்தான். 

"அனுசியா, என் தட்டுலயெல்லாம் தண்ணி நிக்குது. கரிச மண்ணு கரைஞ்ச தண்ணி. நான் ஊத்தவே இல்ல."

அவள் போனை வைத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள். அப்பா மறுபடியும் குடத்தோடு வெடிப்போரம் நின்றிருந்தார்.

"போதும்ப்பா. ஊத்தாதீக. எல்லாம் அங்க அவன் தட்டுல போய் நிக்குது."

"அதுவும் நம்ம காடுதான தாயி," என்றபடி அவர் குடத்தைச் சாய்த்தார்.