சுத்தமான வால்

கழிச்சலில் இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்திருந்த பேச்சியம்மாள், இந்தக் கன்று பிறந்ததிலிருந்து அதன் வாலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். துளிச் சாணிகூட ஒட்டியிருக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சீம்பாலை வயிறு முட்டக் குடிக்க விட்டாள். வயிறு பானைபோல் உப்பி, கன்று முனகத் தொடங்கிய பிறகுதான் கால்நடை மருத்துவருக்கு ஆள் விட்டாள். அவர் கையுறை விரலில் எண்ணெய் தடவி, கன்றின் பின்பக்கம் மெதுவாக உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது விரலில் கொஞ்சம் வெள்ளைச் சளி மட்டும் இருந்தது.

"பாத்தீங்களா டாக்டரம்மா, எம்புட்டுச் சுத்தமா இருக்கு!"

"பொறந்ததுலேர்ந்து ஒரு தடவையாச்சும் சாணி போட்டுச்சாக்கா?"

பேச்சியம்மாள் கன்றின் வாலை மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"சாணி வர்ற வாசல் மட்டும் அடைச்சிருந்தா கீறி விட்டுருவேன். இதுக்கு உள்ள குடலே பொறவியிலேயே பாதியில முடிஞ்சுபோச்சு. இனிமே பால் குடுக்காதீங்க. குடிக்கக் குடிக்க வேதனைதான்."

"பசிக்குமே, டாக்டரம்மா."

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். கன்று வாலைத் தூக்கி முக்கியது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். தாய்ப்பசு கழுத்தைத் திருப்பி, சுத்தமாகவே இருந்த அந்த இடத்தை மறுபடியும் நக்கத் தொடங்கியது.