முதுகு திறந்த டிரஸ்

“ஃபேஷன் படிக்க சின்ன வயசுலேர்ந்தே ஆசையா?” என்று காலேஜ் அட்மிஷன் இன்டர்வியூவில் சலிப்போடு கேட்டார் பேராசிரியை.

“ஆசையெல்லாம் இல்ல மேடம், ஆத்திரம். ஒரு டிரஸ்ஸைத் தைச்சவன் மேல.” சீட் கேட்டு வந்திருந்த பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்படி என்ன டிரஸ்?”

“முதுகு பூரா திறந்தது. முடிச்சுப் போட ரெண்டே நாடா.”

பேராசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். “இப்ப அதுதாம்மா ஃபேஷனே! வீட்டுல திட்டினாங்களாக்கும்?”

“போட்டிருந்தது எங்கப்பா சார். அவர் கடைசியாப் போட்ட ஆஸ்பத்திரி கவுன்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“சட்டை இல்லாம வாசலுக்குக்கூட வராத மனுஷன். பாத்ரூம் போறப்ப ஒரு கையில குளுக்கோஸ் பாட்டில், இன்னொரு கையால பின்பக்கத்தைப் பொத்திக்கிட்டே நடந்தார். வழுக்கினப்ப, சுவத்துல இருந்த கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை மிச்சமில்ல.”