அழாத பிள்ளை

துறைமுகத்தை ஒட்டிய மைதானத்தில் ஓடிப் பழகிய நேசமலரின் வெறுங்காலைச் சிப்பி ஆழமாகக் கிழித்திருந்தது. முதலுதவிக்குப் பொறுப்பான குணமணி டீச்சர் காயத்தில் அயடீனை ஊற்றினார்.

"எரியுதோ?"

"இல்லை, டீச்சர். அஞ்சலோட்டம் தொடங்கப் போகுது. நான் ஓடட்டோ?"

டீச்சர் மற்ற மாணவிகளிடம் திரும்பினார்.

"இவளைப் பாருங்கோடி! நீங்களெண்டால் முள்ளுக் குத்தினாலே ஒப்பாரி வைப்பியள்."

பரிசளிக்க வந்திருந்த டொக்டர் சிரிக்கவில்லை. அவர் முன்னர் மாந்தீவில் தொழுநோயாளருக்கு மருத்துவம் செய்தவர். காயத்தருகே தோல் வட்டமாக வெளுத்திருந்தது. தன் சட்டையில் குத்தியிருந்த வரவேற்புப் பூவின் குண்டூசியை அவர் உருவினார்.

"கண்ணை மூடு, மகள். நான் குத்தேக்க சொல்லவேணும்."

நேசமலர் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வெளுத்த தோலில் ஊசி மூன்று முறை இறங்கியதை டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெதியாக் குத்துங்கோ, டொக்டர்," என்றாள் நேசமலர். "நான் ஓடவேணும்."