கஸ்பாரின் பெயர்

அவரவர் பெயரே இணைய முகவரி, ஒரு பெயர் ஒருவருக்கு மட்டும் என்று ஆகிவிட்ட காலம். மாதாமாதம் விரல் வைத்துப் புதுப்பிக்காவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும்.

கஸ்பார் மொராயிஸ் புயலில் படகோடு காணாமல் போன பிறகுதான் அவனுக்கு மகன் பிறந்தான். இறந்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் கடற்கரை வழக்கம். ஞானஸ்நானத்துக்குச் சாமியார் கோயிலில் காத்திருந்தார்.

"பேரு இப்பக் காலியாயிருக்கும் மைனி. வேற யாராச்சும் எடுக்கதுக்கு முன்ன பிள்ளைக்குப் பதிஞ்சிருவோம்," என்றாள் கஸ்பாரின் தங்கை ஜெனோவா.

அவன் மனைவி எமில்டா பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

ஜெனோவா கணினியின் கறுப்புத் திரையில் பெயர் யாருடையது என்று காட்டும் 'ஹூஇஸ்' கட்டளையை அடித்து, அண்ணன் பெயரைச் சேர்த்தாள். வரிகள் கடகடவென்று இறங்கின. ஒன்றில் அவள் கண் நின்றது.

"மைனி, பேரு காலியா இல்ல."

"யாரு எடுத்தா?"

"யாரும் எடுக்கல. அண்ணந்தான் புதுப்பிச்சிருக்கான். இப்பத்தான், மினிக்காய் தீவுத் துறைமுகத்துல விரல் வச்சிருக்கான்."

எமில்டா சத்தமில்லாமல் அழுது தீர்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமியார்ட்ட சொல்லிரு. பிள்ளைக்கு வேற பேரு பாக்கணும்."