மடி வயர்மேன்

மயிலாப்பூர் அனந்தராமன் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது, வயர்மேனைக் கூடத்தோடு நிறுத்திவிட்டார். பூஜை அறைக்கு அவரே கம்பி இழுத்தார். கண்டவன் உள்ளே காலை வைத்தால் மடி என்னாவது? மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்கி, இரண்டு மாதம் உருப்போட்டு, ஒரு தை வெள்ளிக்கிழமை சுவாமிக்கு நேர் மேலே பல்பை எரியவிட்டார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒரு வாரமாகக் காலை வேளையில் கண்ணடித்துக்கொண்டிருந்த அந்தப் பல்பு, இன்று அடியோடு அணைந்துவிட்டது.

இன்று பார்த்தா? சாயங்காலம் மகள் ஜானுவுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தியாகப் போகிற வக்கீல் மகாலிங்க ஐயர் லேசுப்பட்டவர் அல்ல. குழாயில் தோல் வாஷர் இருக்கிறதென்று இன்றைக்கும் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே குடிப்பவர். ஆசாரத்தில் ஒரு பிசகு கண்டால் தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏற்கெனவே இரண்டு வீடுகளிலிருந்து அப்படிக் கிளம்பியிருக்கிறார். ஜானுவுக்கோ இது நாலாவது வரன்.

அனந்தராமன் பூஜை அறைக்கென்று உள்ளேயே வைத்திருந்த மெயினை அணைத்தார். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னது புத்தகம். பூஜை அறையில் செருப்பா? மணைப்பலகைமேல் ஏறி நின்றுகொண்டார். புது ஃப்யூஸ் கம்பி கட்டி ஸ்விட்சைப் போட்டார். 'பட்' என்று போயிற்று. பல்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். மறுபடியும் 'பட்'. அப்படியானால் கோளாறு பல்பில் இல்லை, கம்பியில்தான் என்றது புத்தகம். 'தகுந்த வயர்மேனைக் கூப்பிடவும்' என்று அந்த அத்தியாயத்தையும் முடித்துவிட்டது.

"புஸ்தகப்படிதான் எல்லாம் பண்ணினேன்," என்றார்.

"அப்போ புஸ்தகம் எழுதினவனையே அழைச்சுண்டு வாங்கோ," என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

நாலு மணிக்கு மச்சினன் கிச்சா ஒருவனோடு வந்தான்.

"கவலையை விடுங்கோ அத்திம்பேர். குளத்தங்கரையில பிடிச்சேன். வயர்மேன், ஆனா நம்மவா! பேரு கணபதி சர்மா."

குடுமி, விபூதிப் பட்டை, பஞ்சகச்சம். அனந்தராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூஜை அறையைத் திறந்துவிட்டார். வந்தவன் அண்ணாந்து பார்த்தான்.

"டெய்லி காலம்பரதான் போய்க்கினு... போயிண்டிருந்துதா மாமா?"

அனந்தராமன் சுருக்கென்று நிமிர்ந்தார். அவன் பூணூல் வலது தோளில் கிடந்தது. திவசத்துக்கல்லவா அப்படிப் போட்டுக்கொள்வார்கள்!

"உமக்கு என்ன கோத்திரம்?"

"மெயினை அணைச்சாச்சோல்லியோ?" என்று அவன் பேச்சை மாற்றினான். "யாரும் உள்ள வரப்படாது மாமா, ஷாக் அடிக்கும்." கூடத்து ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

அனந்தராமன் கதவில் காதை வைத்தார். ஜானுவின் கல்யாண நகை அத்தனையும் அந்த அறை அலமாரியில் இருந்தது. போன வாரம்தான் மாம்பலத்தில் மீட்டர் பார்க்கிறேன் என்று வந்த ஒருவன், வீட்டையே துடைத்துக்கொண்டு போனதாகப் பத்திரிகையில் படித்திருந்தார். உள்ளே ஏணி நகரும் ஓசை கேட்டது. எதையோ சுரண்டும் ஓசை கேட்டது. பிறகு ஓசையே இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எல்லாம் வேஷம்டா கிச்சா! கொள்ளையடிக்க வந்திருக்கான். ஓடு, போலீஸை அழைச்சுண்டு வா!"

கிச்சா பறந்தான். அனந்தராமன் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கைத்தடியோடு காவல் நின்றார். அரை மணி கழித்துக் கதவிடுக்கில் வெளிச்சம் பளிச்சிட்டது.

"எரியறது மாமா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கதவைத் திறந்தார். பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அலமாரிப் பூட்டு போட்டபடியே இருந்தது. அவன் கையில் ஒரு ஈரத் துணிச் சுருள்.

"ஜாயின்டுக்கு டேப்பு போடாம, ரெண்டு கம்பியையும் சேத்து எவனோ வேட்டியக் கிழிச்சு சுத்திக்கிறான். அதும் மேலயே மடிப்பொடவை காயுது. ஈரம் சொட்னா ஷார்ட்டாவாம வேற இன்னா ஆவும்?" பேச்சில் வேஷத்தை அவன் அடியோடு மறந்திருந்தான்.

வேட்டியைக் கிழித்துச் சுற்றியவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கைத்தடியை ஓங்கினார்.

"யாருடா நீ? திருடன்தானே?"

"ஐயையோ, இல்ல சாமி! மெய்யாலுமே நான் வயர்மேன். சிந்தாதிரிப்பேட்டை மாசிலாமணி. சர்ச்சுக்குப் போறவன், பொய் சொல்லமாட்டேன். மயிலாப்பூர்ல வேலை நெறைய கீது, உள்ளதான் யாரும் வுட மாட்றாங்க. வூட்ல நாலு வயிறு கீது சாமி. அதான் இந்த நூலு, ஒட்டுக்குடுமி எல்லாம்."

அனந்தராமனுக்குத் தலை சுற்றியது. திருடன் என்று நினைத்தபோதுகூட இப்படிச் சுற்றவில்லை. சிந்தாதிரிப்பேட்டை மாசிலாமணி, சுவாமிக்கு நேர் மேலே, ஏணி போட்டு ஏறி, அரை மணி நேரம்!

வாசலில் மோட்டார் வந்து நின்றது. "சம்பந்தியாத்துக்காரா வந்துட்டா!" என்று கூவினாள் ஜெயலக்ஷ்மி. ஜன்னல் வழியே பார்த்தால், தெருக்கோடியில் கிச்சாவும் போலீஸ்காரரும் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். பிடித்து விசாரித்தால் இவன் இதே கதையை ஒப்பிப்பான், அதுவும் மகாலிங்க ஐயர் காது குளிர. திருடன் புகுந்த வீடென்றால் ஊரே இரக்கப்படும். மாசிலாமணி புகுந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அனந்தராமன் சுவாமிக்கு முன்னாலிருந்த வெள்ளிக் குத்துவிளக்கைத் தூக்கி அவன் கையில் திணித்தார்.

"உனக்குப் புண்ணியமாப் போகும்டா அப்பா, இதை எடுத்துண்டு கொல்லைப்பக்கமா ஓடிப்போயிடு, பத்து எண்ணிட்டு நான் 'திருடன், திருடன்'னு கத்தறேன்!"