நாளைக்கான பெட்டி

கூரைச் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் விற்கும் வீடுகளுக்குப் புது விதிகளைப் படித்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. இந்த மாதம் மட்டும் விதி நான்கு முறை மாறிவிட்டது. இப்போது, நாளைக்கு வீட்டில் கூடுதலாக எது ஓடும் என்பதை இன்று நண்பகலுக்குள் எழுதிவிட வேண்டும். எழுதாதது ஓடாது.

ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஏதாவது ஆகிவிட்டால், மகள் மஸ்கட்டிலிருந்து வந்து சேர இரண்டு நாளாகும். அவர் மனைவியை வாசலுக்கு அழைத்து, "நாளைக்கு ஐஸ் பெட்டின்னு எழுதிரட்டுமா, மதினி?" என்று கேட்டேன். உடலை வைக்கிற பெட்டியைத்தான் சொல்கிறேன் என்று மதினிக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

ஐந்து நாள் எழுதினேன். ஐந்து நாளும் பெட்டி ஓடவில்லை.

ஆறாம் நாள் காலையில் அடுத்த விதி வந்தது: எழுதிவிட்டு ஓட்டாத வீட்டுக்கு இனி எழுத ஒரே ஒரு வாய்ப்புதான். வாசலில் நின்று மதினிக்கு தணிந்த குரலில்தான் படித்தேன்.

"இன்னிக்கு எழுதவா, வேண்டாமா மதினி?"

உள்ளே கட்டிலிலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"எழுதிக்கோம்மா. இந்தத் தடவ ஏமாத்த மாட்டேன்."