அவசரப்படாத கிருமி

உலகத்தில் யாருக்காகவும் அவசரப்படாத ஒரே உயிர், குழந்தையின் மூக்கிலிருந்து எடுத்த கிருமிதான். இதைச் சொல்பவர் பரிசோதனைக் கூடத்தின் மூத்தவர், முகத்தில் சிரிப்பில்லை. கிருமியைச் சிவப்புத் தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வளரவிட்டிருக்கிறார். எது வளர்கிறது என்று தெரிந்தால்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார். உதவிக்கு இருக்கும் பெண்ணின் கை பெட்டிக் கதவுக்குப் போகிறது. “சும்மா சும்மா திறந்து பார்த்தா அது கூச்சப்பட்டு வளராதும்மா. அடைகாக்குறியா என்ன?” அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு சாப்பிடப் போகிறாள். குழாய் சொட்டுகிறது, பெட்டி முனகுகிறது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே ஓர் அப்பா, தோளில் மகளைப் போட்டுக்கொண்டு நடக்கிறார், திரும்புகிறார், நடக்கிறார். பெட்டிக்குள் இருப்பது அவளுடைய கிருமிதான். சைனஸில் சீழ், கொடுத்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. வாயைத் திறந்துதான் மூச்சு விடுகிறாள். ஒரு கண்ணிமை வீங்கி மூடிக் கிடக்கிறது. “சார், ஏதாச்சும் தெரியுதா?” “நாளைக்குத்தான் சார். நாம பறந்தா அது பறக்குமா?” அப்பா தலையாட்டிவிட்டு மறுபடி நடக்கிறார். மகள் திறந்திருக்கும் கண்ணால் மூத்தவரையே பார்க்கிறாள். அவர் பேனாவை மூடுகிறார், திறக்கிறார், மூடுகிறார். கூடத்தில் யாருமில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பிறகு ஓசைப்படாமல் பெட்டிக் கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார்.